திட்ட விலக்கக் கணக்கை ரசிப்பது எப்படி?

சூத்திரத்தை நெட்டுருப் போட்டு, கொடுத்த எண்களை அதில் இட்டு, எப்படியாவது விடையை வரவழைத்துவிட்டால் போதும் என்று கருதும் மாணாக்கர்கள், பரீட்சைகளில் வரும் வீச்சு, திட்ட விலக்கக் கணக்குகளின் அழகைக் காணாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இவ்வகைக் கணக்குகளில் உயர்ந்தவை, பேனாவைத் திறக்கும் முன்பே எண்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று நிதானித்துப் பார்ப்பவருக்காகவே அமைந்தவை.

நீடாமங்கலத்தின் அருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் நீர் தலைமடைக்கு ஒரு விதமாகவும் கடைமடைக்கு வேறு விதமாகவும் போய்ச் சேர்வதை அறிந்தவர்களுக்கு, சராசரி மட்டுமே விளைச்சலின் முழு விருத்தாந்தமாகாது என்று விளக்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு 24, 30, 30, 30, 36 மூட்டை கண்ட ஐந்து வயல்களையும், 24, 24, 30, 36, 36 மூட்டை கண்ட வேறு ஐந்து வயல்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டிலும் சராசரி 30, வீச்சும் 12தான். மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்ததோடு வீச்சின் வேலை முடிந்தது. இடையில் உள்ள மூன்று வயல்களை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 1893இல் கார்ல் பியர்சன் பெயர் சூட்டிய திட்ட விலக்கமோ, ஒவ்வொரு வயலும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று தனித்தனியே விசாரிக்கிறது. முதற்கூட்டத்தில் மூன்று வயல்கள் சராசரியிலேயே நிற்க, இரண்டாவதில் ஒன்றே நிற்பதால், இரண்டாவதன் விலக்கமே பெரிது என்று கணக்கிடாமலே சொல்லிவிடலாம். சரிபார்க்க விரும்புவோருக்கு: விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 72, 144, ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் சுமார் 3.8, 5.4.

சராசரி மறைத்துவிடும் இந்த ஏற்றத்தாழ்வு பரீட்சையோடு நிற்பதன்று. பயிர் அறுவடைப் பரிசோதனையில் ஐந்து மீட்டர் சதுரத்துண்டுகளில் கதிரறுத்து நிறுத்து, அவற்றின் சராசரியைக் கொண்டு காப்பீட்டு இழப்பை நிர்ணயிக்கும்போது, சராசரிக்கு வெகு கீழே விளைந்த ஒரு வயலின் நஷ்டம் ஊர்க்கணக்கில் மறைந்துபோகிறது. அதனாலேயே இப்பாடத்தைச் சிரத்தையுடன் கற்கவேண்டுமென்கிறேன்.

மறுபடி நம் ஐந்து வயல்களுக்கே வருவோம்: எல்லா வயலுக்கும் ஒரு மூட்டை கூட்டினால் வீச்சும் திட்ட விலக்கமும் அசையா. இரட்டித்தால் இரண்டும் இரட்டிக்கும். 30 மூட்டை விளைந்த ஆறாவது வயலைச் சேர்த்தால் வீச்சு அப்படியே இருக்க, திட்ட விலக்கம் மட்டும் குறையும்.

எனக்கு மிகவும் பிரியமான வினா, வீச்சு 12 ஆன எண்களின் திட்ட விலக்கம் 7 ஆகுமா என்பது. எந்த எண்ணும் இரு முனைகளின் நடுப்புள்ளியிலிருந்து 6க்கு மேல் விலகாது. விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையோ சராசரியிலிருந்து அளக்கும்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். ஆகையால் 7 அசாத்தியம். சரிபாதி எண்கள் ஒரு முனையிலும் மறுபாதி மறுமுனையிலும் நின்றால் மட்டுமே 6 கிடைக்கும். ஐந்து வயல்களை அவ்விதம் பாதியாகப் பிரிக்க இயலாதாகையால், அங்கே அந்த 6உம் கிட்டாது.