கம்பிக்குள் ஒரு முறுக்கு

அமுக்கு ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்ப்பவர்கள் கம்பி வளைகிறது என்றே நினைப்பார்கள். வளைவது மிகக் கொஞ்சம். ஈரத்துணியைப் பிழிவதுபோல, கம்பி தன் நீளம் முழுக்க முறுக்கிக்கொள்கிறது. இது பிடிபட்டுவிட்டால் ஸ்பிரிங் கணக்கு ருசிக்கத் தொடங்கும்.

2 மி.மீ. கம்பி, சுருளின் சராசரி விட்டம் 16 மி.மீ., சுமை 100 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நேரான தண்டை முறுக்கும் பழைய கணக்கைப் போட்டால் தகைவு சுமார் 509 மெகாபாஸ்கல் வரும். ஆனால் இது சுருண்ட கம்பி ஆயிற்றே! உட்புறப் பாதை வெளிப்புறத்தைவிடக் குட்டை. அதே முறுக்கை அது குறைந்த நீளத்தில் தாங்கியாக வேண்டும். தகைவு அங்கேதான் குவிகிறது. வெஸ்டிங்ஹவுஸில் இருந்த ஏ. எம். வால் 1929-இல் இதற்கொரு திருத்தக் காரணி கொடுத்தார். சுமையின் நேரடி வெட்டும் அதில் அடக்கம். சுருள் விட்டம் கம்பி விட்டத்தைப்போல் 8 மடங்கு உள்ள நம் ஸ்பிரிங்குக்குக் காரணி 1.18. தகைவு 603-க்கு ஏறிவிடுகிறது. அதுவே 4 மடங்கானால் காரணி 1.40. இறுக்கிச் சுற்றிய குட்டி ஸ்பிரிங்குகள் பார்வைக்கு மிடுக்கானவை. உட்புறம் படும் பாடு வெளியே தெரியாது.

வரைபடத்திலும் ரசிக்க விஷயம் உண்டு. புதியவர் கம்பித் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுமையில்லா நீளம், விறைப்பு என எல்லாவற்றையும் கறாராகக் குறித்துவிடுவார். விறைப்போ கம்பி விட்டத்தின் நான்மடியில் ஏறுவது. கம்பி 1 சதவீதம் தடித்தால் 4 சதவீதம் கூடிவிடும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டால் சுற்றுபவர் எதை வைத்துச் சரிக்கட்டுவார்? கைதேர்ந்தவர் இரண்டு உயரங்களில் இன்னின்ன சுமை வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருப்பார். ஸ்பிரிங் நுழைய வேண்டிய துளையின் அளவைச் சொல்வார். சுற்றுகளைப் பட்டறைக்கே விட்டுவிடுவார். அப்படிப்பட்ட வரைபடம்தான் எனக்கு அழகு.

எனக்கு மிகப் பிடித்தது, சில ஸ்பிரிங்குகளுக்குக் கடைசியில் செய்யும் வேலை. வேண்டியதைவிட நெட்டையாகச் சுற்றி, சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அமுக்குவார்கள். கம்பியின் மேற்பரப்பு மீள்வரம்பைத் தாண்டிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஸ்பிரிங் குறுகி வரைபட உயரத்துக்கு வந்து நிற்கும். சுமையை எடுத்த பிறகு மேற்பரப்பில் எதிர்த்திசைத் தகைவு தங்கிவிடுகிறது. அடுத்து ஏறும் சுமை முதலில் அதைக் கழித்தாக வேண்டும். அதே கம்பி கூடுதலாகத் தாங்குவது இதனால்தான். எத்தனை மி.மீ. நெட்டையாகச் சுற்றுவது என்பதைப் பட்டறைக்காரர்கள் முதல் சில ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பார்த்தே முடிவு செய்வார்கள்.