முதலில் நாமம், பிறகு சோறு: பரமண்டல ஜெபத்தின் வரிசை பற்றி

கோலார் தங்கவயலில் பாலகாட், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என எந்தப் பகுதியில் வளர்ந்தவரானாலும், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுக்கும் ஜெபம் ஒன்று உண்டு. சீர்திருத்தச் சபையார் அதைப் பரமண்டல ஜெபம் என்பர். கத்தோலிக்கரில் மூத்தவர்கள் பரலோக மந்திரம் என்பர். மத்தேயு 6-ஆம் அதிகாரத்திலும், சற்றுச் சுருக்கமாக லூக்கா 11-ஆம் அதிகாரத்திலும் இது காணப்படுகிறது. வாய் தானாகச் சொல்லிவிடுவதால் மனம் அதைக் கவனிப்பதில்லை. அதன் வரிசையை மட்டும் இங்கே சிறிது ஆராய்வோம்.

மத்தேயுவில் உள்ளபடி பார்த்தால், விண்ணப்பங்கள் இரண்டு பகுதியாகப் பிரிகின்றன. முதல் மூன்றும் இறைவனைப் பற்றியவை: அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதற்குப் பிறகுதான் நம்முடைய உணவு, மன்னிப்பு, சோதனையிலிருந்தும் தீமையிலிருந்தும் காவல் ஆகியவை வருகின்றன. நமக்கு எது தேவை என்று நாம் கேட்குமுன்பே தந்தைக்குத் தெரியும் என்று இயேசு சொன்ன கையோடுதான் இந்த ஜெபத்தையே கற்றுத் தருகிறார். ஆகவே தேவைப் பட்டியலை வாசிப்பது ஜெபத்தின் முதல் வேலையாக இருக்க முடியாது.

இந்த வரிசை தமிழருக்கு அந்நியமானதல்ல. திருக்குறளில் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து, அடுத்ததே வான்சிறப்பு. இறைவனைப் போற்றிய உடனே மழையைப் பற்றி, அதாவது சோற்றைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். இரண்டாம் இடத்தில் வைத்ததனால் மழையின் பெருமை குறைந்துவிடவில்லை. பரமண்டல ஜெபத்திலும் அப்படியே. நம் தேவைகளில் முதலாவதாக, மன்னிப்புக்கும் முன்னால், உணவு நிற்கிறது. ‘அன்றாடம்’ என்ற சொல்லின் கனம் அன்றாடங்காய்ச்சிக்குத்தான் தெரியும்.

தமிழில் விளங்கும் நயம் ஒன்றும் இங்கே உண்டு. ஆங்கிலத்தில் ‘நம்’, ‘எங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் ‘நம்’, சேர்க்காவிட்டால் ‘எங்கள்’. இறைவனை நோக்கிப் பேசுவதால் இந்த ஜெபத்தில் ‘எங்கள்’ வருகிறது. ‘என்’ என்ற சொல் தொடக்கம் முதல் முடிவு வரை ஓரிடத்திலும் இல்லை. ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட லைன் வீடுகளில் வாழ்ந்த நம்ம ஜனங்களுக்கு இது புரியாத விஷயமா? என் வீட்டு அடுப்புக்கு மட்டும் என்று இந்த ஜெபத்தில் கேட்கவே வழியில்லை.

இனி நம் நடைமுறைக்கு வருவோம். ‘இந்த வேலை கிடைத்தால் சபையில் சாட்சி சொல்கிறேன்’ என்று பொருத்தனை செய்கிறோம். கிடைத்ததும் நன்மைகளை வரிசையாகச் சொல்லி, கடைசியில் மகிமை அவருக்கே என்று முடிக்கிறோம். நன்றி சொல்வதில் தவறே இல்லை. ஆனால் மகிமை இங்கே தலையாக இல்லாமல் வாலாகிவிடுகிறது. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது எல்லா வீட்டிலும்தான் ஜெபித்தார்கள். ஒரு வீட்டுப் பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அடுத்த வீட்டுப் பையனுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த வேலைதான் இறைவனின் மகிமை என்றால், கிடைக்காத வீட்டில் அவருக்கு மகிமை இல்லையா? அந்தத் தாயின் விசுவாசம் குறைவு என்று சொல்லிவிடலாமா? நம் தேவையை முன்னால் வைத்து மகிமையை அளந்தால், துன்பப்படுகிறவர் தலையில் பழியையும் சேர்த்து வைக்கிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ‘பசித்தவனிடம் மகிமையைப் பேசாதீங்க, எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லியே தொழிலாளியின் வாயை அடைத்துவிடுவார்கள்’ என்பார்கள். இந்தப் பயம் நியாயமானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் வெடித்து மாண்டவர்கள் பலர். கல் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களும் பலர். அதையெல்லாம் சித்தம் என்று சொல்லலாமா?

கூடாது. ஜெபத்தின் மூன்றாம் விண்ணப்பத்தை நிதானமாகப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கிறது. அவர் சித்தம் பரலோகத்தில் நடப்பதுபோலப் பூமியிலும் நடக்க வேண்டும் என்று கேட்கிறோம். நடப்பதெல்லாம் ஏற்கெனவே அவர் சித்தம் என்றால் இப்படிக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? இன்னும் நடக்கவில்லை என்பதால்தானே கேட்கிறோம்! ஆகவே மகிமையை முன்வைப்பது விதியே என்று கைகட்டி நிற்பதல்ல. கூலி ஒழுங்காகக் கிடைப்பதும், கூண்டில் இறங்கியவன் உயிரோடு மேலே வருவதும் அந்தச் சித்தத்துக்குள் அடங்கும். கத்தோலிக்கர் ‘ராஜ்யம்’ என்பதை ‘ஆட்சி’ என்று சொல்வது இந்த இடத்தில் பொருத்தமாக இருக்கிறது. ஆட்சி என்றாலே நீதி எங்கே என்ற கேள்வி கூடவே வந்துவிடும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே தம் வேதனையைத்தான் முதலில் சொன்னார். பிறகுதான் தந்தையின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். அங்கே வரிசை மாறியிருக்கிறது. எனவே இது கடிகாரம் பார்த்து எது முந்தி, எது பிந்தி என்று சொல்லும் விதி அல்ல. எது பெரியது என்பதைப் பற்றிய விதி. ஆபத்தில் கிடப்பவர் ‘ஆண்டவரே, காப்பாற்றும்’ என்று மட்டும் கதறினாலும் அது முழு ஜெபமே.

இரு சபையாரும் கூடும் துக்க வீட்டில் ஒரு சிறு குழப்பம் நேர்வதுண்டு. தீமையிலிருந்து காக்கும்படி கேட்டதும் கத்தோலிக்கர் நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று தொடர்வார்கள். இந்த முடிவுரை மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஆதிச் சபையின் வழிபாட்டில் சேர்ந்தது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் குருவின் சிறு மன்றாட்டுக்குப் பின் அது வரத்தான் செய்கிறது. பழைய விசுவாசிகளுக்குத் தங்கள் தேவைகளோடு ஜெபத்தை முடிக்க மனம் வரவில்லை போலும். அவருடைய நாமத்தில் தொடங்கியதை அவருடைய மகிமையிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். வீட்டு ஜெபத்திலாவது தமிழ் இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாம் விண்ணப்பம் முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ‘இதுவரை நமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை, கவனிச்சியா?’ என்று கேளுங்கள். பிறகு உணவுக்கான விண்ணப்பத்தைச் சொல்லும்போது, வேலை கிடைக்காத அந்த அடுத்த வீட்டையும் ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.