நாட்டுக் கணக்குகளை எதுவரை நம்பலாம்?

2010 நவம்பரில் கானாவின் புள்ளியியல் துறை, மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணிக்கும் அடிப்படை ஆண்டை 1993லிருந்து 2006க்கு மாற்றியது. பொருளாதாரத்தின் அளவு ஒரே அறிவிப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. ஏழை நாடுகளின் வரிசையில் இருந்த கானா, நடுத்தர வருமான நாடுகளின் வரிசைக்கு வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் நைஜீரியாவும் இதையே செய்தது. 1990க்குப் பதில் 2010 அடிப்படை ஆண்டானதும் அதன் 2013ஆம் ஆண்டு உற்பத்தி 89 விழுக்காடு உயர்ந்து 51,000 கோடி டாலரானது. தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரமாக அது அறிவிக்கப்பட்டது.

இதில் மோசடி எதுவும் இல்லை. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு எடை என்பதை அடிப்படை ஆண்டுதான் தீர்மானிக்கிறது. 1990இல் நைஜீரியாவில் கைபேசித் தொழிலே கிடையாது. அதன் திரைப்படத் துறையும் பின்னால் வளர்ந்ததுதான். புதிய கணக்கில் தொலைத்தொடர்பின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழிருந்து எட்டு விழுக்காட்டுக்கும் மேலே போனது. திருத்தம் நேர்மையானது, தேவையானதும்கூட. ஆனால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக, பழைய எண்களை வைத்து உலகெங்கும் எழுதப்பட்ட முடிவுகளை என்ன செய்வது?

1990களில் வளர்ச்சிப் பொருளியலில் ஒரு பாணி பரவியது. நூறு நாடுகளை வரிசையாக அடுக்கி, கல்வி, வணிகம், ஆட்சிமுறை, பணவீக்கம் ஆகியவற்றில் எது வளர்ச்சியைத் தருகிறது என்று கணினியைக் கேட்கும் பாணி. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஊகமாக இருந்த பல கருத்துகளைச் சோதனைக்கு இழுத்தது அதுதான். ஆனால் அந்த ஆய்வுகள் பெரிதும் நம்பிய ‘பென் உலக அட்டவணை’யின் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டபோது, ஒன்றில் ஆப்பிரிக்காவின் வேகமான நாடுகளுள் நின்ற எக்குவடோரியல் கினி மற்றொன்றில் கடைசி வரிசையில் இருந்தது. பதிப்பு மாறினால் முடிவும் மாறும் என்றால், அந்த முடிவு நாட்டைப் பற்றிச் சொல்வது எவ்வளவு, அட்டவணையைப் பற்றிச் சொல்வது எவ்வளவு?

பிழைகள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும், நூறு நாடுகளைச் சேர்த்தால் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலை ஏற்க முடியாது. பிழைகள் கண்டபடி சிதறவில்லை. நார்வே நாட்டுப் பொருளாதார வரலாற்றாசிரியர் மார்ட்டன் ஜெர்வன், 2013இல் வெளிவந்த தன் நூலில் சாம்பியாவின் நிலையைப் பதிவு செய்கிறார். அவர் அங்கே போனபோது முழு நாட்டின் வருமானக் கணக்கையும் ஒரே ஒருவர்தான் தயாரித்துக்கொண்டிருந்தார். அயர்லாந்திலும் கணக்கு தவறான படத்தைக் காட்டியதுண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை அங்கே மாற்றியதால் 2015இல் வளர்ச்சி 26 விழுக்காடு என்று வந்தது. ஆனால் அந்த விகாரத்தை விளக்கவும், அதை நீக்கிய தனி அளவீட்டை உருவாக்கவும் அந்நாட்டிடம் ஆட்களும் பணமும் இருந்தன. ஏழை நாட்டில் பிழை பிடிபடாமலே நூலகம் ஏறுகிறது. வறுமையை அளக்கும் கருவியே வறுமையால் மழுங்கியிருக்கிறது.

ஆட்சிமுறையும் இதில் கை வைக்கிறது. 2022இல் பொருளியலாளர் லூயிஸ் மார்ட்டினெஸ், செயற்கைக்கோள் படங்களில் தெரியும் இரவு வெளிச்சத்தையும் அரசுகள் அறிவித்த வளர்ச்சியையும் ஒப்பிட்டார். சர்வாதிகார நாடுகள் தங்கள் ஆண்டு வளர்ச்சியை ஏறத்தாழ 35 விழுக்காடு மிகைப்படுத்துவதாக அவர் மதிப்பிட்டார். சனநாயகம் வளர்ச்சிக்குத் தடையா என்று இதே எண்களைக் கொண்டு வாதிடுவோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். (இரவு வெளிச்சமும் முழு விடையல்ல. மின்விளக்கே எட்டாத கிராமத்தின் நல்ல விளைச்சல் வானிலிருந்து தெரியாது.)

அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கி எறியலாமா? கூடாது. கானாவின் தலா வருமானம் திருத்தத்தில் சுமார் 750 டாலரிலிருந்து 1,300 டாலரானது. அப்போது அமெரிக்காவில் அது 47,000. அறுபது மடங்கு இடைவெளி முப்பத்தாறு மடங்காகச் சுருங்கிய பிறகும் இடைவெளி இடைவெளிதான். இத்தகைய பெரிய வேறுபாடுகளுக்கும், பல பத்தாண்டுப் போக்குகளுக்கும் நாட்டுக் கணக்கு போதும். இந்த ஆண்டு 5.8, சென்ற ஆண்டு 5.1 என்று கொள்கையைப் புகழவோ பழிக்கவோ அது போதாது. தரவரிசைகளுக்கு அறவே போதாது. தரவு முறைகேடுகள் வெளிப்பட்டதால் உலக வங்கியே 2021இல் ‘தொழில் புரிவதற்கான எளிமை’ அறிக்கையை நிறுத்திவிட்டது.

என் தீர்ப்பில் முதலிடம் சமூகத் தரவுக்கு, அதுவும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய தரவுக்கு. 1984இல் அமெரிக்க நிதியுதவியுடன் தொடங்கிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் தாய்மார்களிடம் நேரில் கேட்டது: எத்தனை குழந்தைகள் பிறந்தன, எப்போது பிறந்தன, எவை இன்று உயிரோடு இல்லை, எந்த வயதில் போயின. நம்முடைய தேசிய குடும்ப நல ஆய்வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பிறப்பு, இறப்புப் பதிவேடு ஒழுங்காக இல்லாத நாடுகளில் குழந்தை இறப்பைக் கணிக்க இந்தப் பதில்கள்தான் முக்கிய ஆதாரம். தாயின் நினைவும் தவறலாம்; ஆனால் அதை மறு ஆய்வால் சரிபார்க்க முடியும், அடிப்படை ஆண்டை மாற்றி இரட்டிப்பாக்க முடியாது. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் 1.2 கோடிக்கும் மேல், 2022இல் 49 லட்சம் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால், அதன் பின்னால் அந்த வாசற்படிக் கேள்விகள் இருக்கின்றன.

அந்தத் திட்டத்துக்கான நிதியை அமெரிக்க அரசு 2025இல் நிறுத்திவிட்டது.