தேர்ந்தெடுப்பது யார்?

பெற்றோருக்குத் தேர்வுரிமை வேண்டுமாம்! அரசு பணச்சீட்டைத் தரட்டும், விரும்பிய பள்ளியைப் பெற்றோர் நாடட்டும், போட்டியால் பள்ளிகள் சிறக்கும் என்பது 1955-இல் அமெரிக்கப் பொருளியலார் மில்ட்டன் ஃபிரீட்மன் எழுதிய கருத்து. கேட்கக் கேட்க இனிக்கிறது! விளைந்தது என்ன?

1981 முதல் சிலி நாடு இதனைச் செய்து பார்த்தது. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளிகளே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. உள்ளவர் பிள்ளை ஒருபுறம், இல்லாதவர் பிள்ளை மறுபுறம்! 2015-இல் சட்டமியற்றித் தடுக்க வேண்டிய நிலை வந்தது.

இங்கே 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்தோருக்கு ஒதுக்கிற்று. நோக்கம் நன்று, மறுக்கவில்லை. ஆனால், விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்! சாக்கோட்டைப் பக்கத்துக் கூலித் தொழிலாளியின் மகளுக்கு எதிர்காலத்தைத் தருவது அறிவா, சீட்டா? சீட்டு விழாத பிள்ளைகள் எங்கே போவர்? அரசுப் பள்ளிக்குத்தானே! அப்பள்ளியைச் செப்பனிடாமல் தேர்வுரிமை பேசுவது, குளத்தைத் தூர்வாராமல் குடத்தைப் பங்கிடுவதாகும்.

மாணவரின் விருப்பத்தைப் போற்றுவதாகக் கூறும் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மாநிலத்தின் விருப்பத்தை மதித்ததா? பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25-ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025-இல் அந்த 25 விழுக்காட்டுச் சேர்க்கையே தடைப்பட்டு, அக்டோபரில்தான் தொடங்கிற்று. இதுவோ தேர்வுரிமை?

1953-இல் இராசகோபாலாச்சாரியாரின் திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் தந்தையின் தொழில் என்றது. அன்று பிறப்பு தேர்ந்தெடுத்தது. இன்று பணப்பை தேர்ந்தெடுக்கிறது. அத்திட்டம் 1954-இல் காமராசர் ஆட்சியில் வீழ்ந்தது, மக்கள் எழுந்ததால்!

காரைக்குடி காட்டும் வழி வேறு. வள்ளல் அழகப்பர் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. செல்வத்தைப் பொதுவுக்கு ஆக்கினார். எனவே ஊர் உயர்ந்தது.

தோழர்களே! மேடையில் சமத்துவம் முழங்கி, வீட்டுப் பிள்ளையைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்புவோர் நம்மிடையே இல்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே என்கிறது அதே சட்டம். அங்கே சென்று அமருங்கள்! ஆசிரியர் உண்டா, ஆய்வுக்கூடம் உண்டா, கழிப்பறையில் நீர் உண்டா எனக் கேளுங்கள்! வீதிதோறும் நல்ல பள்ளி நிற்கும் நாளில், தேர்ந்தெடுக்கும் தொல்லையே எவருக்கும் இராது.