கணக்கில் வராத கொள்ளுப்பாட்டி

வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் என்றைக்காவது ஒருநாள் கேட்டே தீருவார்கள்: "தாத்தாவோட தாத்தா பேரை நெட்டில் போட்டா வருமா?" இங்கிலாந்துப் பிள்ளை கேட்டால் பெரும்பாலும் வரும். அங்கே 1841 முதல் பெயர் வாரியான மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது. நூறாண்டு பூட்டி வைத்துவிட்டுப் பிறகு வெளியிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் இணையத்துக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுக் கணக்கிலோ, குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய தாளின் படமே கிடைக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தைப் பார்க்கலாம்! கொடுத்துவைத்தவர்கள்தான்.

ஆனால் அந்த ஏடுகளை நிதானமாகப் படித்தால், அவை ஒரே ஓர் இராத்திரியின் கதை என்பது புரியும். 1911 ஏப்ரல் 2 இரவு எந்தக் கூரையின் கீழ் யார் யார் இருந்தார்கள் என்பது ஒன்று. அடுத்தது 1921 ஜூன் 19. நடுவில் என்ன நடந்தது என்பது ஏட்டுக்குத் தெரியாது. கணிதமேதை இராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போய் 1919இல் திரும்பினார். ஏறக்குறைய ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்து, ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் ஆனவர். இரண்டு கணக்குக்கும் நடுவே விழுந்துவிட்டார். ஏட்டில் பெயர் இல்லை என்பதால் ஆளே அங்கில்லை என்றாகிவிடுமா? 1911இல் ஓட்டுரிமை கேட்ட பெண்கள் பலர் வேண்டுமென்றே பெயர் கொடுக்காமல் தப்பித்தார்கள் என்பது இன்னொரு கதை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931ஆம் ஆண்டு ஏடுகளோ 1942இல் தீயில் போயின.

நமக்கு வேறொரு தொல்லையும் உண்டு. தேடும் கட்டம் குடும்பப் பெயரைக் கேட்கும். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான் இனிஷியல். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பம்பாயிலோ தில்லியிலோ பள்ளிக்கூடத்தில் 'சர்நேம் என்ன?' என்று கேட்டபோது, அப்பா பெயரோ ஊர்ப்பெயரோ கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது நம்மில் பலருக்கு நடந்ததுதானே?

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கொரு முறை வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். ஆனால் அரசுக்கு வேண்டியிருந்தது தொகை. கூட்டிப் போட்டு முடித்ததும் தனித்தனித் தாள்களைப் பேணி வைக்கவில்லை. மிஞ்சிய தொகுதிகள் இன்று இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. 1931ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் தொகுதியைத் திறந்தால் மதம், வயது, மொழி, தொழில் எல்லாம் அட்டவணை அட்டவணையாக வரும். பம்பாய் மாகாணத் தொகுதி அங்கே தமிழ் பேசியவர் எத்தனை பேர் என்று சொல்லும். அதில் உங்கள் பாட்டனார் ஒருவர் என்று சொல்லாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே போய், கணக்கெடுப்பு ஏடுகளை எவரும் பார்வையிடக் கூடாது, அவை சாட்சியமாகவும் செல்லாது என்றது. குடும்ப வரலாறு தேடுபவனுக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தப் பூட்டு நல்லதுக்குத்தானோ என்று அசாமைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

1951 கணக்கெடுப்பின்போது அதன் சீட்டுகளிலிருந்து பெயர்களைப் பெயர்த்தெழுதி, தேசியக் குடிமக்கள் பதிவேடு ஒன்று தயாரித்தார்கள். அசாமில் அந்த ஏட்டையும், 1971 மார்ச் 24 வரையிலான வாக்காளர் பட்டியல்களையும் 2015இல் இணையத்தில் ஏற்றினார்கள். அப்பா, தாத்தா பெயரை அதில் கண்டுபிடித்து, அவருக்கும் தனக்கும் உள்ள உறவைக் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருப்பது இங்கே ஜீவமரணப் பிரச்சினையாயிற்று. அப்துலா அப்துல்லாவா, மண்டலா மொண்டலா என்று எழுத்துக்கெழுத்து பார்க்கப்பட்டது. ஏதோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதற்குப் பேரன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2019 ஆகஸ்ட் 31இல் வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இல்லை. தலைகளை எண்ண எழுதிய சீட்டின் நகலை அறுபது ஆண்டு கழித்துச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதுதான் பிழை என்பேன்.

அதிலும் கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள் பாடு பெரும்பாடு. பிறந்த சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாமல், இன்னார் மகள் என்று காட்டப் பஞ்சாயத்துச் செயலரின் சான்றிதழை நம்பியிருந்தார்கள். அது செல்லாது என்று 2017 பிப்ரவரியில் கவுகாத்தி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய சரிபார்ப்புடன் ஏற்கலாம் என்று உச்சநீதிமன்றம் அந்த டிசம்பரில் சொல்லும்வரை வயிற்றில் நெருப்புதான்.

இது அசாமோடு போகிற சங்கதியல்ல. நம் முதல் பொதுத்தேர்தலின்போது ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாததே காரணம். இது பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்ததுதான். அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா பெயரை, அவர் பார்த்த உத்தியோகத்தோடு, சட்டென்று சொல்வார். கொள்ளுப்பாட்டி பெயரைக் கேட்டால் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "மன்னார்குடிப் பாட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்பார்.