செல்பேசிக் கோபுரமும் வாய்ப்பூட்டும்

சட்டம் வழக்கறிஞருக்கு உரியது, அறிவியல் ஆய்வாளருக்கு உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் இடங்களும் உண்டு. அத்தகைய வாக்கியம் ஒன்றை இங்கு எடுத்துக்கொண்டு, அறிவியல் மாணவர் என்ற நிலையிலிருந்து அதன் நிறைகுறைகளை ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. செல்பேசிக் கோபுரத்தை எந்த இடத்தில் எழுப்பலாம் என்று முடிவு செய்யும் உரிமையை அது உள்ளூர் மன்றங்களிடமே விட்டுவைத்தது. ஆயினும் அவ்வுரிமைக்குச் சில வேலிகளையும் போட்டது. மன்றங்கள் நிறுவனங்களுக்கிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டக்கூடாது. சேவையே இல்லாதபடி தடுத்துவிடக்கூடாது. விண்ணப்பத்தின் மீது உரிய காலத்தில் முடிவு கூறவேண்டும். மறுத்தால் எழுத்து மூலம், தக்க சான்றுகளுடன் மறுக்கவேண்டும். இவை நான்கும் எவரும் ஏற்கத்தக்கவையே.

ஐந்தாவது வேலியே நமது ஆராய்ச்சிக்கு உரியது. மைய அரசின் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த கதிர்வீச்சு வரம்புக்குள் ஒரு கோபுரம் அமையுமானால், அதன் வானொலி அலைகளால் சுற்றுச்சூழலுக்கு நேரும் விளைவுகளைக் காரணம் காட்டி எந்த மாநிலமும் எந்த ஊர் மன்றமும் அதைக் கட்டுப்படுத்தக்கூடாது என்கிறது அது. சுற்றுச்சூழல் விளைவு என்ற சொல் மக்களின் உடல்நலத்தையும் உள்ளடக்கும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டுள்ளன.

வாக்கியத்தின் நியாயம்

இதனை எடுத்த எடுப்பிலேயே கொடுங்கோன்மை என்று தள்ளிவிடுதல் முறையன்று. அலையின் இயல்பு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஓர் ஊரில் தீங்கற்றது அடுத்த ஊரில் தீங்காகாது. உயிரியலும் இயற்பியலும் கற்றோர் கூடி ஆராய்ந்து வகுக்கவேண்டிய வரம்பை, ஒவ்வொரு நகர்மன்றமும் தன் போக்கில் வகுப்பது பொருந்தாது.

கோபுரங்கள் பயன்படுத்தும் அலைகளின் தன்மையையும் நினைவில் கொள்ளுங்கள். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கத் தேவையான ஆற்றலோடு ஒப்பிட்டால், இவ்வலைகளின் ஒரு ஃபோட்டான் சுமப்பது ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. எக்ஸ் கதிரோடு இதை ஒன்றாக வைத்து அஞ்சுவது தவறு. உறுதியாக நாம் அறிந்த விளைவு திசுக்கள் சூடேறுவதே. ஆணையம் வகுத்த வரம்பும் அந்தச் சூட்டைத் தடுக்கும் நோக்கில், போதிய இடைவெளி விட்டு அமைக்கப்பட்டது.

தொலைவுக் கணக்கு

'வீடுகளிலிருந்து இத்தனை மீட்டருக்கு அப்பால்தான் கோபுரம் அமையவேண்டும்' என்பது எங்கும் எழும் கோரிக்கை. இதுவும் ஆராயத்தக்கதே. ஓர் ஆன்டெனா தான் நோக்கும் திசையில் 1000 வாட்டுக்கு நிகரான திறனுடன் அலைகளை வீசுவதாகக் கொள்வோம். நேர் எதிரே 10 மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.8 வாட் விழும். 100 மீட்டரில் அது 0.008 வாட்டாகிவிடும். தொலைவு பத்து மடங்கானால் செறிவு நூறில் ஒன்றாகக் குறையும் என்னும் எதிர்விகித வர்க்க விதியைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அமெரிக்க வரம்பு சதுர மீட்டருக்கு 6 வாட். எனவே மேற்கூறிய இரண்டு இடங்களுமே வரம்புக்குள் அடங்குகின்றன.

ஆனால் 'நேர் எதிரே' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆன்டெனா விளக்கைப்போல் எல்லாப் பக்கமும் சமமாக வீசுவதில்லை. கைவிளக்கின் ஒளிக்கற்றையைப்போல் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வீசுகிறது. அதனால் கோபுரத்தின் அடியில் செறிவு குறைவாகவும், சற்றுத் தள்ளிக் கற்றை தரையைத் தொடும் இடத்தில் அதிகமாகவும் இருக்கக்கூடும். எதிர்வீட்டு மாடியின் உயரத்துக்குச் சமமாக ஓர் ஆன்டெனா அமைந்தால் நிலைமையே வேறு. மேலும், கோபுரம் தொலைவில் சென்று அலை நலிந்தால், அதை எட்டுவதற்காக நம் காதருகே இருக்கும் செல்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். எனவே வெறும் தொலைவு மட்டும் நமக்குக் காப்பாகிவிடாது. உயரம், திசை, சாய்வு, திறன் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இந்த நான்கும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறுபவை என்பதே நாம் கவனிக்கவேண்டிய செய்தி. வரம்பு நாடு முழுவதற்கும் ஒன்றாக இருக்கலாம். அந்த வரம்பு குறிப்பிட்ட ஒரு மாடியில் காக்கப்படுகிறதா என்ற கேள்வி உள்ளூர்க் கேள்வியே ஆகும்.

ராஸ்வெல் நகரத்து மரம்

ஜார்ஜியா மாநிலத்து ராஸ்வெல் நகரில் 2010-ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சியை இங்கே கூறுதல் தகும். குடியிருப்புப் பகுதியில் 2.8 ஏக்கர் காலி மனையில் 108 அடி உயரக் கோபுரம் எழுப்ப ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. பார்ப்பவர் கண்ணை உறுத்தாதிருக்க அதற்குப் பைன் மர வடிவம் தருவதாக ஏற்பாடு. பொதுவிசாரணைக்குப் பின் நகர்மன்றம் அனுமதி மறுத்தது. அப்பகுதியின் தோற்றத்துக்கு அது ஒவ்வாது என்பது உறுப்பினர்கள் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. இரண்டு நாளில் மறுப்புக் கடிதம் சென்றது. காரணங்கள் அடங்கிய கூட்டக் குறிப்போ 26 நாள் கழித்தே வெளிவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காரணங்களைக் கடிதத்திலேயே எழுதவேண்டியதில்லை, ஆனால் ஏறத்தாழ அதே நேரத்தில் வெளியிட்டாக வேண்டும் என்று 2015-இல் தீர்ப்பாயிற்று. நகரம் தோற்றது.

உச்ச நீதிமன்றத்தில் வாதம் கடிதத்தையும் காலக்கெடுவையும் சுற்றியே நடந்தது. அம்மக்களின் மனத்தில் வேறு என்ன இருந்தது என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஒருகால் கதிர்வீச்சைப் பற்றிய ஐயம் இருந்திருந்தாலும், அதை மறுப்புக்குக் காரணமாக எழுத அந்த மன்றத்தால் இயலாது. அழகு, வீட்டு விலை என்று வேறு பெயர் சூட்டித்தான் எழுதவேண்டும். கோபுரத்துக்கு மர வேடம் போடுவதுபோல, மக்களின் கேள்விக்கும் இச்சட்டம் வேடம் போடச் சொல்கிறது.

குறை எங்கே?

அச்சத்தைப் பேசவிடாமல் தடுத்தால் அது மறைந்துவிடுவதில்லை. பேசினால்தான் அதற்கு விடை சொல்ல இயலும். மேலே நாம் போட்ட கணக்கை ஒரு பொறியாளர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதி அச்சம் தீரும். எஞ்சிய பாதியில் நியாயம் உண்டா என்பதும் தெரியவரும். அந்த வாய்ப்பைச் சட்டம் மக்களிடமிருந்து பறித்துவிட்டது. இது முதற்குறை.

இரண்டாவது, வரம்பு ஒரு மாறாத உண்மை என்ற எண்ணத்தை இது வளர்க்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வானொலி அலைகளை 2011-இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. இஃது உறுதியான சான்றைக் குறிப்பதன்று. மேலும் ஆராயவேண்டும் என்பதையே குறிப்பது. இந்தியா 2012-இல் தன் வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். நம் கணக்கிலுள்ள 10 மீட்டர் மாடி அமெரிக்காவில் வரம்புக்குள் அடங்கும். இந்த அளவையோ மீறிவிடும். அமெரிக்க ஆணையம் தன் 1996-ஆம் ஆண்டு வரம்பை மாற்றவேண்டியதில்லை என்று 2019-இல் முடிவு செய்தது. புற்றுநோய் அல்லாத பிற விளைவுகள், குழந்தைகள், நீண்டகால விளைவு ஆகியவை பற்றி ஆணையம் போதிய விளக்கம் தரவில்லை என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. வரம்பு தவறு என்று நீதிமன்றம் கூறவில்லை என்பதையும் நாம் நேர்மையோடு சொல்லவேண்டும். விளக்கம் தேவை என்றுதான் அது கூறிற்று. நீதிமன்றம் கேட்கக்கூடிய விளக்கத்தை நகர்மன்றம் கேட்கக்கூடாதா?

மூன்றாவது, கோபுரம் ஒருமுறை எழுந்ததோடு நிற்பதில்லை. ஏற்கனவே உள்ள கோபுரத்தின் அளவை வெகுவாக மாற்றாத புதிய கருவிகளுக்கு மன்றங்கள் அனுமதி மறுக்கக்கூடாது என்று 2012-இல் மற்றொரு சட்டம் வந்தது. இன்று ஓர் ஆன்டெனா, நாளை மூன்று. முதல் நாள் தாளில் போட்ட கணக்கு எத்தனை ஆண்டுக்குச் செல்லும்?

செய்யத்தக்கது

வரம்பை வகுக்கும் அதிகாரம் மைய அரசிடமே இருக்கட்டும். வரம்புக்கு உட்பட்டதா என்று சான்று கேட்கும் வழி உள்ளூர் மன்றங்களுக்கு இன்றும் திறந்தே இருக்கிறது. அவ்வழியை விரிவாக்கவேண்டும். கோபுரம் எழுமுன்பும் எழுந்தபின்பும், ஒவ்வொரு கருவி சேரும்போதும் அருகிலுள்ள மாடிகளில் அளவிட்டு, முடிவை ஊரார் அறிய வெளியிடவேண்டும். அவ்வாறு செய்தால் நிறுவனத்துக்கும் இழப்பில்லை. வீண் வதந்திகளுக்கு அதுவே முற்றுப்புள்ளியாகும்.

வாசகர்களே, உங்கள் தெருவில் ஒரு கோபுரம் எழுந்தால் 'எத்தனை மீட்டர் தள்ளி?' என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ஆன்டெனா எந்த உயரத்தில், எத்திசை நோக்கி, என்ன திறனில் உள்ளது, என் மாடியில் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். இவற்றுக்குக் கிடைக்கும் விடை எதுவாயினும், அதை வைத்து அஞ்சுவதா அமைதி கொள்வதா என்று நீங்களே கணக்கிட்டு முடிவு செய்யலாம்.