பெருக்கல் குறியை வாசித்தல்

ஆவணம் பேசும் என்கிறோம். யார் கேட்டதற்குப் பேசுகிறது என்பதுதான் என் கேள்வி.

லண்டனில் தேம்ஸ் கரையோரம் இருக்கிறது பேட்டர்சீ பங்கின் தூய மரியாள் ஆலயம். 1782 ஆகஸ்ட் 18 அன்று அதன் திருமணப் பதிவேட்டில் கவிஞர் வில்லியம் பிளேக் கையெழுத்திட்டார். மணப்பெண் கேதரின் பூச்சர், தோட்டப் பயிர் செய்து விற்றவரின் மகள். அவர் போட்டது ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தக் குறி சும்மா வந்ததா? ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538இல் தாமஸ் குரோம்வெல் உத்தரவிட்டார். ஹார்ட்விக் பிரபுவின் 1753ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இறுக்கியது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கணும், இல்லையென்றால் லைசென்ஸ் வாங்கணும். மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போடணும். யூதருக்கும் குவேக்கருக்கும் மட்டும் விலக்கு. கத்தோலிக்கர்கூட 1837 வரை ஆங்கிலிக்கன் கோயிலில் மணந்தால்தான் சட்டப்படி செல்லும். சொத்துள்ள வீட்டுப் பிள்ளைகளின் ரகசியக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சட்டம், ஏழைகளின் கைத்தடத்தையும் ஏட்டில் ஏற்றிவிட்டது.

ரோஜர் ஸ்கோஃபீல்ட் போன்ற வரலாற்றாய்வாளர்கள் இக்குறிகளை எண்ணி எழுத்தறிவைக் கணக்கிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்களில் ஏறக்குறைய 40 சதவீதமும் பெண்களில் சுமார் 60 சதவீதமும் குறி போட்டவர்கள். பயனுள்ள கணக்குதான். ஆனால் அன்றைக்கு வாசிப்பு முதலில், எழுத்து பிறகு. ஏழைப் பெண்பிள்ளைகள் பலருக்கு வாசிப்பும் தையலும் சொல்லிக்கொடுத்து அத்தோடு நிறுத்திவிடுவார்கள். பேனா பிடிக்காத கை பைபிளைப் புரட்டியிருக்கலாம். அதற்கு ஏட்டில் கட்டம் கிடையாது. கேதரின் பின்னால் எழுதக் கற்றார். பிளேக்கின் தகடுகளை அச்சிட்டார், வண்ணம் தீட்டினார். அதற்கும் கட்டம் கிடையாது.

1837இல் வந்த புதிய படிவம் தகப்பன் பெயரையும் தொழிலையும் கேட்டது. தாயைக் கேட்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் தாயின் பெயர் திருமணப் பதிவில் இடம்பெற 2021 மே வரை, ஏறக்குறைய 184 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டம் போட்டவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அடித்தட்டு மக்களின் குரலைத் தேடி ஆவணக் காப்பகம் போகும் தோழர்களுக்கு: அங்கே கிடைப்பது அதிகாரம் கேட்ட கேள்விக்கு வந்த பதில். கேள்வியைத் தயாரித்தது யார் என்று கேட்காமல் பதில்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், நாமும் அந்தப் பாதிரியாரின் குமாஸ்தாக்கள்தான்.